பழுதில்லாத மிஷின்

தகவல் வந்தபோது நான் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் மிஷின் இரைந்ததால், டீக்கடை முருகேசன் வரப்பில் நின்று கையை ஆட்டியதுதான் தெரிந்தது. நிறுத்தினேன். “ரஹீம் பாய் பூட்டாருப்பா. சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்பால எடுக்கறாங்களாம்” என்றான். மருந்து பாதி டாங்கில் இருந்தது. அப்படியே இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

உத்திரமேரூரில் அவர் ரிப்பேர் கடை வாசலில் மருந்தடிக்கும் மிஷினை இறக்கி வைக்காத சம்சாரி சுற்றுவட்டத்தில் குறைவு. அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் அவருக்கும் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணன்மார்களோடு பாகம் பிரிந்த வருஷம். ஏர் மாடும் பம்புசெட்டும் அவர்களுக்குப் போயிற்று. ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கரும் இந்த மிஷினும் எனக்கு. பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. கல்யாணமும் கூடி வரவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தால், பூசுவதற்கு வீட்டில் மிஷினைத் தவிர வேறொன்றும் இல்லை. இடம் பார்க்காமல் அத்தனையையும் அதன்மேலேயே அப்பினேன்.

அடுத்த வாரம் பயிரின் அடித்தண்டில் புகையான் பூச்சி ஏறிவிட்டது. இரண்டு நாள் தாமதித்தால் வயல் கருகிவிடும். மிஷினோ கிளம்பும், ஐந்து நிமிஷம் முழங்கும், பிறகு தொய்ந்துவிடும். மருந்து புகையாகப் பாயாமல் காலடியில் சொட்டியது. பிளக்கை மாற்றினேன், வடிகட்டியைக் கழுவினேன், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். கோளாறு தீரவில்லை. உதவிக்குக் கூப்பிட ஊரில் ஆளில்லாமல் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “மொதல்லேர்ந்து சொல்லுங்க நைனா. மிஷினு பேசாது, நீங்கதான் பேசணும்” என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார். சொல்ல ஆரம்பித்தேன். பேச்சின் பாதியில் அண்ணன்மார்கள் வந்தார்கள், பாகம் வந்தது, ஊர் வந்தது. எத்தனை மாதமாகப் பேசாமலிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மிஷினை ஓட்டிவிட்டுக் காத்திருந்தார். தொய்ந்ததும் பெட்ரோல் டாங்க் மூடியைப் பாதி திருகித் தளர்த்தினார். மிஷின் மறுபடி முழங்கியது. மூடியின் சின்னத் துளையில் குண்டூசியை விட்டுக் குடைந்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

“பொட்டு வைங்க, வேணாம்னு சொல்லல. இந்த ஓட்டைய மட்டும் உட்டுட்டு வைங்க. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு கீய எறங்கும்.”

அன்றைக்கே அடித்து முடித்தேன். ஒரு மூலை கருகியது. மற்றதெல்லாம் பிழைத்தது.

தொழிலில் பாய் நெருப்பு. மானாம்பதிக்காரர் ஒருவர், இருக்கட்டுமே என்று ஓடுகிற மிஷினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். “நல்லா கீறத இன்னாத்துக்குப் பிரிக்கணும்? எடுத்துக்கினு போங்க” என்று மறு பேச்சில்லாமல் அனுப்பிவிட்டார். அதை நானே பார்த்தேன்.

பார்த்தும், அடுத்த மாதமே மிஷினோடு போய் நின்றேன். “பவர் கொறையுது பாய்” என்றேன். குறையவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. திட்டு வரப்போகிறது என்று தலைகுனிந்தேன். மிஷினை நிறுத்திவிட்டு, “ஆமா, கொஞ்சம் கொறையுது. ஒக்காருங்க” என்று ஸ்டூலை நகர்த்தினார். அண்ணன்மார்கள் இன்றுவரை பேசவில்லை. மாதம் ஒரு குறை சொல்லிக்கொண்டு போய், அந்த ஸ்டூலில் பல வருஷம் உட்கார்ந்தேன்.

அடக்கத்தின்போது கபரஸ்தானில் ஓரமாக நின்றேன். அவருடைய மைத்துனர் வந்து, “நீங்க யாருன்னு தெரியலியே” என்றார். “மிஷினு ரிப்பேருக்கு வருவேன்” என்றேன்.

ரஹீம் பாய் தொழிலில் பொய் சொன்னதே இல்லை என்று அங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சொன்னார். எனக்காக, மாதம் ஒன்று. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.