வீடு எடுப்பாகத் தெரியட்டும்

அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் விற்பனைக்கு நின்றன. மூன்று வீட்டிலும் கலியாண வயதில் ஒரு பெண் இருந்தாள். முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வீடு எத்தனை அறை, கிணறு தனிக்கிணறோ பங்குக்கிணறோ என்றுதான் விசாரிப்பார்கள். இப்போது மாப்பிள்ளைகள் பரிஸிலும் கனடாவிலும் இருந்தார்கள். வீட்டை விமானத்தில் ஏற்ற முடியாது. விற்றுக் காசாகத் தாருங்கள் என்றார்கள்.

மகளுக்குச் சீதனம் என்று சொல்லிச் சொல்லி, அறை அறையாகப் பதினொரு வருஷம் கட்டிய வீடு என்னுடையது. கடைசி அறைக்குக் கதவு போட்டு முடித்த மாதம்தான் வீடு இனிச் சீதனமாகச் செல்லாது என்று எனக்குத் தெரியவந்தது. வாழ்நாளில் நான் சொன்னபடி செய்து முடித்த ஒரே வேலை அது.

மகளுக்குப் பொருந்தி வந்த பையன் பரிஸில் இருந்தான். அவனுடைய தமக்கை பக்கத்து ஊரான மருதனார்மடத்தில் இருந்தார். நான் போனபோது தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

"பங்குனிக்கிடையிலை வீட்டை வித்து முடிச்சுத் தாங்கோ அண்ணை. தம்பிக்கு வேறை இடத்திலையும் கேக்கினம். எங்களுக்கு உங்கடை பிள்ளையைத்தான் பிடிச்சிருக்கு."

பிள்ளைக்கும் பிடித்திருந்தது. எங்கிருந்தோ ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகம் வாங்கி வந்தாள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது வாளிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாமல், பிரெஞ்சில் "ஆன், தூ, துருவா" என்று எண்ணத் தொடங்கினாள். உச்சரிப்பு சரியோ பிழையோ என்று சொல்ல ஒழுங்கையில் யாருமில்லை. நான் மட்டும் இரண்டொரு தடவை திருத்தினேன். எனக்கும் பிரெஞ்சு தெரியாது.

தரகர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"விக்கிற ஆக்கள் கூட அண்ணை, வாங்கிற ஆக்கள் குறைவு. மற்ற ரெண்டு வீட்டையும்விட உங்கடை வீடு எடுப்பா நிக்கவேணும்."

எடுப்பாக நிற்க வேண்டும் என்றால் முதலில் கண்ணில் பட வேண்டும் அல்லவா? வாசலுக்கு நேரே ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் கூரையின் மேலே குடைபோல விரிந்து, வீட்டை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. அதை வெட்டுவது என்று முடிவெடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, காய்க்கிற மரமப்பா," என்றாள் மனைவி.

"மாம்பழம் தின்னவோ, மகளை அனுப்பவோ?" என்று கேட்டேன். இப்படி அடுக்காகக் கேட்டுவிட்டால் நான் வென்றதாக எனக்கு ஒரு நினைப்பு.

மரம் கூரைப்பக்கம் சரியாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்தவள் மகள்தான்.

அடுத்தது வெள்ளையடிப்பு. சண்டை தொடங்கியபின் பெயின்ற் எல்லாம் அரசாங்கம் எங்கள் பக்கம் வரவிடாமல் தடைசெய்த சாமான். கண்ணால் காணக் கிடைக்காது. சுண்ணாம்பை நீற்றி, துணிக்குப் போடும் நீலத்தில் கொஞ்சம் கலந்து, நானே ஏணியில் ஏறினேன். இரண்டு முறை இறங்கினேன், ஒருமுறை விழுந்தேன். நாலாம் நாள் வீடு பளீரென்று நின்றது. என்னுடைய வேட்டி ஒருநாளும் அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

முன்வீட்டில் வேலையில் இருந்து இளைப்பாறிய தபாலதிபர் இருந்தார். என் சிநேகிதர், அவருடைய வீடும் விற்பனைக்கு நின்றபடியால் அப்போது போட்டியாளரும்கூட. அவர் வீட்டுச் சுவரில் பாசி. மேலே பலா, புளி, வேம்பு. சருகைக்கூடக் கூட்டாமல் விட்டிருந்தார். கேற்றில் சாய்ந்தபடி என் வீட்டைப் பார்த்தார்.

"என்ன காணும், வீட்டுக்குப் பவுடர் போட்டிருக்கிறீர். பொம்பிளை பாக்க ஆர் வருகினம்?"

"உம்மடை வீடு எங்கை இருக்கெண்டு தேடிப் பிடிக்கவே தரகருக்கு ஒரு நாள் வேணும். அதுக்கிடையிலை நான் வித்துப்போடுவன்," என்றேன்.

அடுத்த கிழமை தரகர் ஒருவரைக் கூட்டிவந்தார். வல்வெட்டித்துறைக்காரர். அவருடைய சொந்த வீடு குண்டு விழுந்து போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பியதைக்கொண்டு உள்ளூருக்குள் ஒரு வீடு தேடுகிறார் என்றார் தரகர். கிணற்றில் ஒரு வாளி அள்ளுவித்து, கையில் ஏந்திக் குடித்தார். "நல்ல தண்ணி," என்றார். காணி உறுதிப்பத்திரத்தை வாசித்தார். அறைக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார். மகள் கதவிடுக்கில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு அவர் முற்றத்துக்கு வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்ப்பார் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

"இதிலை ஒரு மரமும் நிக்கேல்லையோ?"

"நிண்டது. நான்தான் வெட்டினனான்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. "வீடு எடுப்பாத் தெரியட்டும் எண்டு."

"ஆருக்கு?"

தரகர் செருப்பைப் பார்த்தார். மாதத்தில் நாலைந்து தரம் குண்டுபோடப் பொம்மர் விமானம் வந்து சுற்றும்போது பங்கர்க் குழிக்குள் முதலாவதாகப் பாய்கிறவன் நான். அப்படிப்பட்டவன் மரத்தை வெட்டி, வீட்டுக்கு வெள்ளையடித்து, மேலே இருந்து குறிபார்ப்பவனுக்கு வசதியாக வைத்திருந்தேன்.

"என்ரை வீடும் வெள்ளையாத்தான் நிண்டது தம்பி," என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து எதிரே தபாலதிபர் வீட்டுக்குப் போனார். பலாமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கே வானம் தெரியவில்லை. பாசியை அவர் பார்க்கவே இல்லை. அரை மணித்தியாலத்தில் அந்த வீட்டுக்கு விலை பேசி முடிந்தது.

அன்று பின்னேரம் தபாலதிபர் வந்து என் வாசலில் நின்றார். பகிடி விடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"களிமண் குழைச்சுப் பூசுவமே காணும்? நான் பிடிக்கிறன் ஏணியை."

பூசினோம். களிமண்ணும் சாணியும். வெட்டிப்போட்டு வாடிக் கிடந்த மாங்கொப்புகளை இழுத்துக் கூரையில் கட்டினேன். இரண்டாம் நாளே மிச்ச இலையும் காய்ந்து சுருண்டுவிட்டது. வீடு, மழைக்கு ஒதுங்கப் போட்ட கொட்டில் மாதிரி நின்றது. தரகர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் கேற்றைத் தாண்டவில்லை. மற்றவர் இது மாட்டுக்கொட்டிலோ என்று கேட்டார், பகிடிக்குக் கேட்கவில்லை.

மருதனார்மடத்துக்குச் சைக்கிளில் போய் இன்னும் மூன்று மாதம் தவணை கேட்டேன். தமக்கையார் அன்றைக்கும் தேத்தண்ணி தந்தார். பங்குனி முடிவில் அவரே வந்தார். உள்ளே வந்து இருக்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. தம்பிக்கு மற்ற இடம் சரிவந்திட்டுது. பிள்ளை தங்கமான பிள்ளை."

"ஓம்," என்றேன். வாய்நிறையப் பகிடி வைத்திருப்பவனிடம் அன்று அந்த ஒரு சொல்தான் இருந்தது.

மகள் அழுததை நான் காணவில்லை. நான் காணாத இடமாகப் பார்த்து அழுதிருப்பாள். தபாலதிபரின் மகள் கலியாணத்துக்குக் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டதும் இவள்தான்.

சித்திரையில் மாங்கட்டையின் பக்கத்தில் சிவப்பாக இரண்டு குருத்து வந்திருந்தது. நான் அதன் அடியில் பாத்தி கட்டினேன். மறுநாள் காலை மகள் கேட்காமலே தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"எத்தினை வருஷத்திலை கூரையை மூடும் அப்பா?"

"பத்து வருஷமாவது செல்லும்," என்றேன். "நான் வீடு கட்டின வேகத்திலை வளந்தா பதினொண்டு."

அவள் சிரித்தாள், எனக்காக. திரும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. கூடவே அவள் எண்ணுவதும்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு."