ஆரஞ்சுப் பொடி

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் ராணுவ முகாமில் சம்பள நாளன்று மட்டும்தான் காதில் விழும். மற்ற நாளெல்லாம் குளோரின். சுகாதாரப் பிரிவு ஆள். குடிதண்ணீரில் மருந்து சரியாக இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா, அடுப்படியில் ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. நான் சமையல்காரன். எங்கள் இருவருக்கும் ஆகாது என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? கரண்டியை முகர்ந்து பார்ப்பான். என் நகத்தைப் பிடித்துப் பார்ப்பான். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்கடா!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "நகத்த வெட்டிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவன். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் கேட்கவே வேண்டாம், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி அலைந்தான். வெள்ளிக்கிழமை பதினொரு மணி லாரியில் அவன் ஊருக்குப் போக வேண்டும். மகள் பிறந்து ஏழு மாதம் ஆகிறது, போனில் பார்த்ததோடு சரி. இரண்டு முறை விடுமுறை கிடைத்து இரண்டு முறையும் ரத்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மலைமேல் காவல் சாவடியிலிருந்து முறை முடிந்து இறங்கியவர்களில் ஒன்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மாலைக்குள் இருபத்தாறு பேர். வாந்தி, பேதி, காய்ச்சல். மருத்துவக் கூடாரத்தில் கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்தார்கள். மூட்டையும் துப்பாக்கியுமாக மலை ஏறுகிற ஆம்பிளைகள் கழிப்பறைக் கதவைத் தட்டி, "சீக்கிரம் வாடா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

டாக்டர் மேடம் நேராக என் அடுப்படிக்கு வந்தார். "இத மூடுங்க. எல்லாருக்கும் பாக்கெட் சாப்பாடு குடுங்க" என்றவர், மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை என் கையில் கொடுத்தார். மலப் பரிசோதனைக்கென்று புரிந்ததும் காதெல்லாம் சுட்டது. பதினாறு வருஷ சர்வீஸ்!

"நான் சமைச்சத நானும்தானே மேடம் சாப்பிட்டேன்?"

"சில பேர் உடம்புல கிருமி இருக்கும், அவங்கள ஒண்ணும் பண்ணாது. அடுத்தவங்களுக்குத்தான் பரவும்."

குளோரின்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன், சத்தமாகவே. அவன் காதில் வாங்கினமாதிரி தெரியவில்லை. வியாழன் முழுக்க ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், எங்கே இருந்தாய், எதைக் குடித்தாய் என்று குடைந்துகொண்டிருந்தான். பாதி மயக்கத்தில் கிடந்தவனைக்கூட விடவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"அண்ணே, கீழயே இருந்தவன் ஒருத்தன்கூடப் படுக்கல. அவங்களும் உங்க சாப்பாடுதான சாப்பிட்டாங்க? படுத்தவன் எல்லாம் மேல இருந்தவன்."

"இத மேடம்கிட்ட போய்ச் சொல்லுடா, என்கிட்ட என்ன கதை?"

"சொல்லிட்டேன். காரணத்தக் காட்டுன்னு சொல்றாங்க."

மேலே தொட்டி கிடையாது. ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்து, குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும். மாத்திரை போட்டோம் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு, தோளில் ஊர்ப் பையோடு, மேலிருந்து வந்த காலி கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கேனின் அடியில் ஆரஞ்சு நிறக் கறை. பூட்டிக் கிடந்த அடுப்படி வாசலில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்தான். ஒன்றில் மட்டும் ஜூஸ் கலக்குகிற ஆரஞ்சுப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டான். பிறகு, தண்ணீரில் குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுகிற சோதனை மருந்தை இரண்டிலும் விட்டான். ஒன்று பளிச்சென்று ரோஸ் நிறமானது. பொடி போட்டதில் ரோஸ் வரவே இல்லை.

அவன் முகம் செத்துப்போனது.

அந்தப் பொடிப் பாக்கெட்டுகளை என் ஸ்டோரிலிருந்து வாங்கிப் போனவனே அவன்தான். ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதென்று பையன்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். "இதக் கலந்து குடிங்க, வாடையே தெரியாது" என்று இவன்தான் சொல்லிக் கொடுத்தான். அரை மணி கழித்துக் கலக்குங்கள் என்று சொல்ல விட்டுவிட்டான். அவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிக் குடித்திருக்கிறார்கள்.

"வாடை போச்சுன்னு சந்தோஷப்பட்டேண்ணே. அந்தப் பொடில இருக்கற புளிப்புச் சத்து மருந்தையே தின்னுடுது. வாடையோட மருந்தும் போச்சு. இதுகூடவா எனக்குத் தெரியல?"

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. என் தலை தப்பியது. அப்புறம் அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன்.

"டேய், பேசாம லாரி ஏறு. பொடிதான் காரணம்னு நான் மேடம்கிட்ட சொல்லிக்கிறேன். யார் குடுத்தாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"மேல இன்னும் நாற்பது பேர் அதே கேன்ல குடிக்கிறாங்கண்ணே. நீங்க போய்ச் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றீங்கன்னுவாங்க." எழுந்துவிட்டான். ஓட்டமும் நடையுமாகப் போனவன் பின்னால் நானும் போனேன்.

மேடம் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொடி கலக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்."

மேடம் டம்ளர்களைக் கீழே வைத்தார். "மேல குடிக்க வேண்டாம்னு வயர்லெஸ்ல இப்பவே சொல்றேன். நீ போய் எல்லா கேனையும் கழுவி, முன்னால நின்னு மருந்து போட்டுக் குடு. விசாரணை முடியறவரைக்கும் லீவு கிடையாது."

"சரி மேடம்" என்றான். வெளியே வந்து பையிலிருந்த துணிமணியை என் கட்டிலில் கொட்டிவிட்டு, காலிப் பையில் மாத்திரை டப்பாக்களை அடைத்தான். "வீட்டுக்கு நீங்க சொல்லிடுங்கண்ணே. நான் பேசினா அழுதுடுவேன்" என்று எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு மலைப்பாதையில் ஏறினான்.

பதினொரு மணிக்கு லாரி புறப்பட்டுப் போனது. நான் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அவன் மனைவி. முகாம் சமையல்காரன் என்றேன்.

"ஏறிட்டாராண்ணா?"

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லா இருக்காண்ணா. மீசை வச்சவங்களப் பாத்தா வீல்னு கத்துவா. அப்பாவப் பாத்தும் கத்திட்டா அவர் மனசு ஒடிஞ்சுருவார்ல? அதான் ஒரு வாரமா பக்கத்து வீட்டு மீசை மாமாகிட்ட தினமும் தூக்கிட்டுப் போய்ப் பழக்கறேன். நேத்துதான் அழாம இருந்தா."

"நல்லதும்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் பழக்கும்மா."