முதல் பாதி பார்ப்பவன்

தம்பி ஜெயித்தவை அதிகமில்லை. ஆனால் ஒவ்வொன்றும், இது உன்னால் ஆகாது என்று யாராவது ஒருவர் சொன்ன பிறகு ஜெயித்தது.

முதலாவது, இடது கண். பிறந்ததிலிருந்தே அது மூக்கைப் பார்த்தபடி சும்மா இருந்தது. நல்ல கண்ணை ஒட்டி மூடினால்தான் சோம்பேறிக் கண் வேலை செய்யும் என்றார் டாக்டர். எப்படியானாலும் இந்தப் பையனை டிவி பக்கம் விடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு கண்ணோடு பள்ளிக்கூடம் போய், எல்லா நிலைப்படியிலும் நெற்றியை முட்டிக்கொண்டு, இரண்டு வருடத்தில் அந்தக் கண்ணை வழிக்குக் கொண்டுவந்தான். அடுத்தது பத்தாம் வகுப்பு, மூன்றாவது தடவையில். அதற்கடுத்தது உத்தியோகம். ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், தொடர்கள் ஒளிபரப்பாகும் முன்பே அவற்றைப் பார்த்து, படம் நடுங்குகிறதா, சத்தம் விட்டுப்போகிறதா, நடுவில் திரை கறுப்பாகிறதா என்று சொல்லும் வேலை. நேர்காணலுக்குப் பட்டம் வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நாள் முழுக்க அழுகைத் தொடர் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கடைசிவரை நாற்காலியில் இருந்தவன் தம்பி. அதையும் வெற்றிக் கணக்கில்தான் அக்கா சேர்ப்பாள். நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் கைவந்துவிடாது.

நான்காவது, ஓட்டம். உட்கார்ந்தே இடுப்பு பிடித்துப் போய், நாற்பது தாண்டியபின் ஓட ஆரம்பித்தான். ஓட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. குளக்கரைப் பாதையில் கைத்தடியோடு நடக்கிறவர்கள் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு முந்திப் போவார்கள். அப்படிப்பட்டவன் நகரத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்து, முழுசாக ஓடி முடித்தான். அவனுக்குப் பின்னால் வந்தது, தடுப்புக் கூம்புகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்த வண்டி மட்டும்தான். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ஏறிக்கிறீங்களா? எனக்கும் காலாகாலத்துல வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டாராம். தம்பி தலையை மட்டும் ஆட்டினான். வேண்டாம் என்று சொல்ல மூச்சு இல்லை.

அந்தப் பதக்கத்தை அக்கா டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள்.

"அது தொங்கித் தொங்கி டிவியில ரிமோட் கண்ணை மறைக்குது" என்றார் மாமா.

"எழுந்து போய் சேனலை மாத்துங்க. உங்களுக்கும் ரெண்டு அடி நடந்த மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா.

தம்பி அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறான். கல்யாணம் பேசிப் பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு யாரும் பேசவில்லை. கீழே கூடத்தில் ஒரு பக்கம் அக்காவின் தையல் மெஷின், பள்ளிச் சீருடைக் குவியல். மறுபக்கம் மாமாவின் நாற்காலி, அதற்கு எதிரே டிவி. மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்த அதே பார்வையில்தான் இப்போது டிவியையும் பார்க்கிறார். வில்லி மாடிப்படியில் இறங்கி வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் போடுவது போல.

நாள் முழுக்க டிவி பார்க்கிறவன் வீட்டுக்கு வந்தும் டிவி பார்ப்பானா என்று தெருவில் கேட்பார்கள். தம்பி பார்த்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த அலுவலக அறையில் பார்ப்பவர்கள் இரண்டே பேர். தம்பி ஒருவன். இன்னொருத்தி, இரட்டைக் குழந்தைகளைப் பெற்றவள். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து சேர்ந்தாற்போல் தூங்கியதே இல்லை என்பாள். எல்லோரும் அவளை இரட்டையம்மா என்பார்கள், தம்பிக்கு அவள் தங்கச்சி. ஆரம்பத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தொடர்கள் என்று பங்கு போட்டுப் பார்த்தார்கள். பிறகு நிலையம் தொடர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது, ஆட்களைக் கூட்டவில்லை. ஒரு தொடரை ஒருவரே முழுக்கப் பார்த்தால் பாதியில் கண் சொருகும், மறுபடி ஓட்டிப் பார்த்தே நேரம் போகும். ஒரு தொடர் தயாராகி வரும்போதே விளம்பர இடைவேளையோடு இரண்டு துண்டாகத்தான் வரும். அதனால் தம்பி முதல் பாதி, இரட்டையம்மா இரண்டாம் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவி, காதில் ஆளுக்கொரு கருவி, பாதி நேரத்தில் தொடர் முடிந்துவிடும். இருவரும் சரி என்றதும் பிரிவுப் பொறுப்பாளர் பிரிவு முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவார். அவர் எதையும் பார்ப்பதில்லை. யார் பார்த்தது என்றும் எங்கேயும் எழுதுவதில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. தம்பிக்குச் சண்டை எப்படி ஆரம்பித்தது என்று தெரியும், எப்படி முடிந்தது என்று தெரியாது. இரட்டையம்மாவுக்கு மன்னிப்பு தெரியும், குற்றம் தெரியாது. ஒருத்தி ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்பாள். மாடியிலிருந்து தள்ளிவிட்டதைத் தம்பி சொல்வான். மிச்சப் பாதியை மட்டும் அவன் அவளிடம் கேட்டுக்கொள்ள மாட்டான். சில நாள் கழித்து வீட்டில், மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஊர் உலகத்தோடு சேர்ந்து பார்ப்பான். கால் நீட்டி, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் பார்க்கும் அந்த அரை மணி நேரம்தான் அவனுடைய ஒரே சுகம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலைதான் அது நடந்தது. தொடரில் மருமகள் மாமியாரிடம் வீட்டுச் சாவியைத் தூக்கி எறிந்தாள். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். விளம்பரம் வந்தது. மாமா தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மருமகள் மறுபடியும் படியேறி வந்தாள், மறுபடியும் அதே வார்த்தைகளைப் பேசினாள், மறுபடியும் சாவியை எறிந்தாள்.

"டேய், இது இப்பத்தானே வந்துச்சு?" என்றார் மாமா.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. தொடர் தயாரித்தவர்கள் முதல் துண்டின் கடைசிக் காட்சியை இரண்டாவது துண்டின் தொடக்கத்திலும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதல் பாதியைத் தனியாகப் பார்த்தால் குறை இல்லை. இரண்டாம் பாதியைத் தனியாகப் பார்த்தாலும் குறை இல்லை. இரண்டையும் ஒரே ஆள் பார்த்திருந்தால் தூக்கக் கலக்கத்தில்கூடக் கண்டுபிடித்திருப்பான். அவன் கையில் தைலப் புட்டி அப்படியே இருந்தது. மூடியைத் தேடி அக்கா மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று.

மாமாவைத் தவிர ஊரில் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தத் தொடரில் எல்லாமே மூன்று முறை நடக்கும், இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். மற்றபடி கவனித்தது ஒரே ஒருவர். நிலையத்து முதலாளியின் மாமியார்.

மறுநாள் காலை பொறுப்பாளர் இருவரையும் கூப்பிட்டார். கத்தவில்லை. அவருக்குக் கத்துகிற தெம்பும் இல்லை. மேலிடத்தில் ஒரு ஆளைக் கேட்கிறார்கள் என்றார். அந்தத் தொடரை யார் பார்த்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், பார்த்தவர் வேலையை விட்டுப் போக வேண்டும். இருவருமே ஒப்பந்த ஆட்கள், கேட்பதற்கு நாதி இல்லை. பிரித்துப் பார்த்தோம் என்றால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான் என்று அறைக்கு வெளியே இரட்டையம்மா சொன்னாள். அழவில்லை. நாள் முழுக்க அழுகையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது அலுத்துவிட்டது.

"அண்ணா, நீங்க என்ன சொல்றீங்களோ சொல்லுங்க" என்றாள். "நான் தப்பா நினைக்க மாட்டேன். நினைச்சாலும் வெளிய காட்டிக்க மாட்டேன்."

அன்று மாலை தம்பி எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னான். அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் கணக்கு இப்படி இருந்தது: தான் என்று சொன்னால் தன் வேலை போகும், இந்த வயதில் பத்தாம் வகுப்புக்கு இன்னொரு நாற்காலி கிடைக்காது. அவள் என்று சொன்னால் இரண்டு பிள்ளைகளோடு அவள் நிற்பாள். உண்மையைச் சொன்னால் இருவரும் நிற்பார்கள். அக்கா நூலைக் கடித்து அறுத்தாள்.

"முதல் ரெண்டுல எது வேணா பண்ணிக்கோ, எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு மேல போட்டுட்டு வந்தேன்னா, உன் ஷூவை இந்த வாசல்ல கழட்டாதே."

"முதல் ரெண்டுல ஒண்ணு அதுதானேக்கா."

"அப்ப ஒண்ணுதான் மிச்சம். போய்ப் படு."

மாமா டிவியிலிருந்து பார்வையை எடுக்காமலே, தான் ஓட்டிய காலத்தில் டிரைவர் மேல் கண்டக்டரும் கண்டக்டர் மேல் டிரைவரும் பழி போட்டு, கடைசியில் இருவருக்கும் சீட்டுக் கிழிந்த கதையைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் முழுசாகச் சொல்லி முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி வழக்கம்போல் குளக்கரைக்குப் போனான். தூங்காத கால்கள் கல்லாய்க் கனத்தன. சினிமாவில் ஓடுகிறவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று அவன் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவர்களுக்குச் செருப்பு அறுவதில்லை, விலா பிடிப்பதில்லை, நாய் குறுக்கே வருவதில்லை. ஓடும்போதே முழு வாக்கியம் பேசுகிறார்கள். பின்னால் வாத்தியம் வேறு வாசிக்கிறார்கள். தொடர்களில் அந்தத் தொல்லையே இல்லை, அங்கே யாரும் ஓடுவதில்லை. வீடு தீப்பிடித்தாலும் நின்று, திரும்பி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். தம்பியின் ஓட்டம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அவனை முந்திப் போன கைத்தடிக்காரர், "என்ன தம்பி, இன்னைக்கு ரொம்ப யோசனை?" என்று கேட்டார். பதில் வர நேரமாகும் என்று தெரிந்து நிற்காமல் போய்விட்டார்.

பாதையின் முடிவில் அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஓட்டப் பந்தயத்தில் வண்டிக்காரரிடம் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. அன்று அவனுக்குத் துணிச்சல் ஒன்றும் இல்லை. ஏறினால் மிச்சத் தூரம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும், அந்த அலுப்பு இதைவிடப் பெரியது என்று மட்டும் தோன்றியது. இப்போதும் அதேதான் தோன்றியது. பொய் சொன்னால் அதை நினைவில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவனிடம் தெம்பு இல்லை.

அலுவலகத்துக்குப் போனதும் இரட்டையம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லப் போவதாகச் சொன்னான்.  அவள் தானும் கூட வருவதாகச் சொன்னாள். அவள் பாதியை அவளே சொல்ல வேண்டுமாம்.

பொறுப்பாளர் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். எத்தனை நாளாக இப்படி என்றார். வருடக் கணக்காக என்றான் தம்பி. எல்லாத் தொடரும் அப்படித்தானா என்றார். எல்லாமே என்றாள் இரட்டையம்மா. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். தம்பி அவர் மேஜை மேல் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டா, நாளையிலிருந்து இதை எல்லாம் யாருய்யா பார்க்கிறது?" என்றார் அவர். "நானா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரு வாரம் பார்த்தா நானே வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்."

"அதான் சார் நாங்க பிரிச்சுக்கிட்டோம்" என்றாள் இரட்டையம்மா.

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் அவருக்கே வருத்தம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலிடத்துக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும், வேலை செய்யும் முறையை மாற்றிவிட்டதாக எழுதிவிடுவதாகவும் சொன்னார். ஆனால் எழுதுவது பொய்யாக இருக்கக் கூடாது. இனி ஒரு தொடரை ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயர் முத்திரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறை யார் என்று அவர் கேட்கப் போவதில்லை, அங்கேயே எழுதியிருக்கும்.

வேலை தங்கியது. நேரம் தங்கவில்லை, கண் சொருகிய இடத்தை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தே போனது. இருவரும் இருட்டியபின் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. இரட்டையம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். தம்பி மாலை ஓட்டம் ஒன்றையும் சேர்க்கலாம் என்றிருந்ததை விட்டுவிட்டான். மாமா பக்கத்தில் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் மாமா விடாமல் பார்க்கும் தொடர் தம்பி பங்கில் வந்துவிட்டதால், சாவி எங்கே விழும், யார் நெஞ்சைப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் இப்போது அவனுக்கு முன்பே தெரியும். முகத்தில் எதையும் காட்டாமல் முட்டிக்குத் தைலம் தடவுவான். மாமா அவன் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்து, "அப்ப அவ சாகப் போறா, சரி" என்று தானாக முடிவு செய்துகொள்வார். பாதிக்குப் பாதி சரியாகவே இருக்கும்.

புது முறையில் பார்த்த முதல் தொடர் முடிந்ததும் பொறுப்பாளர் தாளை அவன் பக்கம் தள்ளினார். தம்பிக்கு எந்தக் கையெழுத்துப் போடுவது என்று ஒரு நிமிடம் குழப்பம். வங்கியில் போடுவது பெயரின் முதல் எழுத்தும் ஒரு சுழியும்தான். யாரும் படிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. இங்கே படிக்க வேண்டும். பேனாவை உதறிவிட்டு, அப்பா வைத்த பெயரை ஒரு எழுத்து விடாமல், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல மெதுவாக எழுதினான். கடைசி எழுத்தின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்ததாக அன்றைக்கே அக்காவிடம் குறைப்பட்டான்.

தான் பார்த்த ஒன்றின் கீழே அவன் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஜூன் 12, புதன்கிழமை.