லாய்டின் ஒன்றாம் கம்பி

மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பின் லாய்ட் யுகுலேலே கற்றுக்கொண்டது இசை ஆர்வத்தால் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காரணம் ஒரு பெஞ்சு.

கோயிலில் பீடத்துக்கு வலப்பக்கம் கிடக்கும் அந்த பெஞ்சில் பாடகர் குழு உட்காரும். குழுவுக்குத் தலைவி இசபெல்லா, லாய்டின் மனைவி. கல்யாணமான நாள் முதல் லாய்டுக்கும் அதில்தான் இடம். போன கிறிஸ்துமஸில் ஒரு பாட்டின் நடுவே, தாம் தடம் தவறியதோடு நிற்காமல், கட்டைக் குரல்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு பெண்கள் ராகத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் இசபெல்லா காபியை நீட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

“இன்னாங்க, இனிமே நீங்க மனசுக்குள்ள பாடுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்.”

மனசுக்குள் பாடுகிறவருக்குப் பாடகர் பெஞ்சில் என்ன வேலை? லாய்ட் ஒரு தூணுக்குப் பின்னால் மாற்றலாகிப் போனார். அங்கிருந்து இசபெல்லாவின் ஒரு தோளும் அரைக் கொண்டையும்தான் தெரியும். ஐம்பது தாண்டிய மனிதர், சொந்தப் பெண்டாட்டியை வாரா வாரம் எட்டிப் பார்க்கிற நிலைமை.

குரல் போனால் வாத்தியம். மகள் எலைன் கல்யாணமாகிப் போகும்போது அலமாரி மேல் விட்டுப்போன யுகுலேலே ஒன்று இருந்தது. கிட்டார் குட்டி போட்டது போல, நான்கே கம்பி. அதில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதை வாசித்தால் கைதட்டுவார்கள், பெஞ்சு தர மாட்டார்கள். ஆகவே லாய்ட், ஐரோப்பாவில் யாரோ எந்தக் காலத்திலோ இயற்றி, இந்தக் காலத்தில் இன்னொருவர் யுகுலேலேக்கு மாற்றிய ஒரு கிளாசிக்கல் துண்டை இணையத்திலிருந்து இறக்கினார். பிங்கர்ஸ்டைல். அதாவது, ராகத்தையும் அதன் துணையையும் ஒரே ஆளின் விரல்கள் ஒரே நேரத்தில் மீட்ட வேண்டும். படுகஷ்டம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதுதான் வேண்டுமென்றார்.

தாளில் நான்கு கோடுகள், ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. மேல் கோடு ஒன்றாம் கம்பி. சரி, வாத்தியத்தில் ஒன்றாம் கம்பி எது? லாய்டுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. அவருடைய அப்பா சுந்தரராஜ், சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்டில், ஆட்களைச் சுமக்கும் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்க மணி அடித்தவர். அந்த வீட்டில் எண்ணிக்கை என்றால் மேலிருந்து கீழேதான். மேலே இருப்பது ஒன்றாம் லெவல், எண் கூடக்கூட ஆழம். வாத்தியத்தை மடியில் வைத்தால் தாடைப் பக்கம் இருப்பது ஒன்று, தொடைப் பக்கம் இருப்பது நான்கு.

உலகத்து யுகுலேலேக்காரர்கள் எல்லாரும் தொடைப் பக்கமிருந்து எண்ணுகிறார்கள். அவர்கள் சுரங்கத்தைப் பார்க்காதவர்கள், பாவம்.

பெங்களூர் ஆபீசுக்குப் போகிற காலை ரயிலில் பயிற்சி நடந்தது. குழப்பமும் கூடவே டிக்கெட் எடுத்தது. தாடைப் பக்கத்துக் கம்பி கீச்சென்றது. அடுத்தது ஆழத்தில் முனகியது. அதற்கடுத்தது மறுபடி மேலே ஏறியது, கடைசிக் கம்பியோ எல்லாவற்றுக்கும் மேலே போய்க் கத்தியது. ‘இது இன்னா ஷாஃப்ட்?’ என்று லாய்ட் மலைத்தார். வீடியோவில் தேன் போல ஒழுகியது, இவர் கையில் தகரக் கூரையில் ஆலங்கட்டி போல விழுந்தது. வேகம் வந்தால் சரியாகிவிடும் என்றெண்ணி வேகத்தைக் கூட்டினார். ஆலங்கட்டி பெரிதானது.

பங்காருபேட்டையில் ஏறும் பரத், எதிர் சீட்டில் சில வாரம் பொறுத்துப் பார்த்தான்.

“சார், இது ஏன் சார் இப்படி அழுவுது?”

“கிளாசிக்கல்.”

“ஓ! அதான் புரியலே. சென்னாகிதே சார், கண்டினியூ மாடி.” நன்றாயிருக்கிறது, தொடருங்கள் என்று கன்னடத்தில் வாழ்த்திவிட்டுக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான்.

ரயில் பெட்டி முழுவதும் ‘கிளாசிக்கல்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பணிந்தது. புரியாததெல்லாம் உயர்ந்தது என்ற கொள்கையில் அவர்களுக்கும் லாய்டுக்கும் வேறுபாடு இல்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மாலை, பரீட்சை. பரீட்சை வைத்தவர் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் கிளமெண்ட், இசபெல்லாவின் அண்ணன்.

“மாப்ள, நாளைக்குக் காணிக்கை எடுக்கிற நேரம் உன்னுது. நம்ம சபை வழக்கம் தெரியும் இல்ல? மியூசிக் நிக்கிற வரைக்கும் காணிக்கைப் பை நிக்காது. நடுவுல நிறுத்திடாத. நல்லா வந்தா பெஞ்சு. வரலேன்னா தூணு. எங்க, வாசி.”

லாய்ட் வாசித்தார். இசபெல்லா பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள். கிளமெண்ட் தாளைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“மாப்ள, ஒண்ணாம் கம்பி எது?”

“இதோ, மேல.”

“யோவ், அது நாலு! கீழ இருக்கிறதுதான்யா ஒண்ணு. மொத்தத்தையும் தலகீழா வாசிச்சிகினு கீறே!”

“கீழ இருக்கிறது ஒண்ணா? எந்த மைன்ல மச்சான் அப்படி?”

“இது மைன் இல்லய்யா, யுகுலேலே. எண்ணிக்கைய மாத்து.”

“எங்க அப்பா எண்ணினது தப்புன்றியா?”

“உங்கப்பா இன்னாத்துக்கு இதுல வர்றாரு?” கிளமெண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். “அப்போ வாத்தியத்தைத் திருப்பிப் புடிச்சிக்க, போ!”

கிண்டலாகத்தான் சொன்னார். லாய்ட் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். திருப்பிப் பிடித்தால் ஒன்றாம் கம்பி மேலே வருகிறது, அப்பாவும் காப்பாற்றப்படுகிறார், தாளும் காப்பாற்றப்படுகிறது. ஒரே சிக்கல், இத்தனை மாதம் கம்பியை அழுத்தப் பழகிய கை இப்போது மீட்ட வேண்டும், மீட்டப் பழகிய கை அழுத்த வேண்டும்.

“வேணாங்க,” என்றாள் இசபெல்லா. “தூணே பரவாயில்ல. நானே அப்பப்ப திரும்பிப் பாக்கிறேன்.”

அவர் கேட்கவில்லை.

மறுநாள் காணிக்கை நேரம். பூசணிக்காயும் வாழைத்தாரும் அடுக்கியிருந்த பீடத்தருகே லாய்ட் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சுரத்தைத் தொட்டார். அடுத்த சுரத்துக்கு எந்தக் கை, எந்த விரல் என்று உள்ளுக்குள் விசாரணை நடந்தது. தீர்ப்பு வந்ததும் தொட்டார். அடுத்ததற்கு மறுபடி விசாரணை. ஆனால் முதல் முறையாக, வந்த சுரமெல்லாம் வீடியோவில் கேட்ட அதே சுரம். ஒவ்வொன்றும் மெதுவாக, ஒழுங்காக, மேலேறி வந்த கேஜிலிருந்து ஒவ்வொரு ஆளாக வெளியே வருவது போல.

பை தூக்கிய நேசமணி கடைசி வரிசைக்குப் போய்விட்டார். இசை நிற்கவில்லை. முன்வரிசைக்குத் திரும்பி வந்தார். முதல் சுற்றில் ஜெபம் செய்வது போலக் கண்மூடியிருந்தவர்கள் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் சுற்றில் ஒருவர் கர்ச்சீப்பைத் துழாவுவது போல நடித்தார், நேசமணி அவர் எதிரேயே நின்றார். வழக்கம் வழக்கம்தான்.

ஒருவழியாக இசை முடிந்தபோது நேசமணியின் பை கழுத்துவரை நிறைந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து லாய்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரதர், இனிமே மாசா மாசம் இந்தக் காணிக்கை நேரம் நீங்கதான். வேகம் மட்டும் கூட்டிடாதீங்க. பெஞ்சுல இடம் போடச் சொல்லியிருக்கேன்.”

லாய்ட் இசபெல்லாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முழுக் கொண்டையும் தெரிந்தது.

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நீளமா இருந்துச்சு,” என்றாள் அவள், நகர்ந்து இடம்விட்டபடி.

அது பாராட்டா என்று அவருக்கு விளங்கவில்லை. கிளமெண்ட் கைகுலுக்க வந்தார். எந்தக் கையை நீட்டுவது என்பதும் சட்டென்று விளங்கவில்லை.