சுக்கான் நட்டு வார்த்த அம்சவல்லி

கீழ்வேளூர்ப் பக்கத்துப் பண்ணையில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அம்சவல்லி. கோட்டையில் ஆட்சி மாறி இரண்டு வருஷமாகியும் பண்ணையில் கூலி மாறவில்லை. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு முப்பது பெண்களோடு வரப்பில் உட்கார்ந்தாள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. கடைசியில் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் காலில் விழவேண்டும் என்றார்கள்.

"வயலுக்குக் குனிவேன். உங்களுக்குக் குனிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள்.

துறைமுகத்தை ஒட்டிய அஹமது கபீரின் லேத்துப் பட்டறையில் கடையும்போது சீவி விழும் இரும்புச்சுருளை அள்ளும் வேலை கிடைத்தது. அள்ளிக்கொண்டே பார்த்தாள், பார்த்ததைக் கபீர் சாப்பிடப் போன நேரத்தில் செய்து பழகினாள். பத்து வருஷத்தில், விசைப்படகில் சுக்கான் கோளாறு என்றாலே அவளைத்தான் தேடி வந்தார்கள்.

எண்பத்து நாலில் மாரியப்பனின் படகு, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாலும் திரும்ப மறுத்தது. சக்கரத்தையும் சுக்கானையும் இணைக்கும் பெட்டியைப் பிரித்தாள். சுக்கானை இழுக்கும் பெரிய நட்டின் உள்ளே திருகு மரை தேய்ந்துபோயிருந்தது. கம்பெனி ஏஜெண்டு சாரங்கபாணியிடம் இருவரும் போனார்கள்.

"அந்த மாடலை நிறுத்தி நாலு வருஷமாச்சு. ஸ்பேர் வராது. முழு செட்டையும் மாத்திடுங்க."

"அதுக்குப் படகோட பின்பக்கத்தையே அறுக்கணுமேங்க" என்றான் மாரியப்பன்.

"பழசை இனிமே யாராலயும் ஓட்ட முடியாது."

அந்த 'யாராலயும்' அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. பித்தளையில் ஒரு நட்டுக் கடைந்து மாட்டினாள். இருபதாம் நாள் கோடியக்கரைக்கு அப்பால் அதன் மரை அறுந்தது. பின்னால் துடுப்பைக் கட்டித் திருப்பி, எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

"ஆறு உசுரு, அக்கா! உன் வீம்புக்கு நாங்க சாகணுமா?" என்று கத்தினான் மாரியப்பன்.

"தப்பு என்னுதுதான். பித்தளை தாங்கல. இன்னொரு தடவை குடு. சோதனைக்கு நானும் கடலுக்கு வர்றேன்."

சுவாமிமலைக்குப் போனாள். மெழுகில் உரு பிடித்துச் சிலை வார்க்கும் ஸ்தபதி, அவள் நீட்டிய தேய்ந்த நட்டைப் பார்த்துத் தயங்கினார். "நாங்க சாமிதாம்மா வார்ப்போம்."

"இது ஆறு பேரைக் கரை சேர்க்கணும்ங்க. செம்போட வெள்ளீயம் கொஞ்சம் கூடப் போட்டுக் கெட்டி வெங்கலமா வார்த்துக் குடுங்க."

வார்த்துக் கொடுத்தார். மரையை அவளே மூன்று நாள் லேத்தில் நின்று வெட்டினாள்.

சோதனை நாளில் படகாட்கள் மறித்தார்கள். "பொம்பள ஏறக் கூடாதுக்கா."

"பொம்பள செஞ்ச நட்டு ஏறலாம், பொம்பள ஏறக் கூடாதா?"

மாரியப்பன் கை கொடுத்து ஏற்றினான். முகத்துவாரத்தில் அலை பக்கவாட்டில் அறைந்தது. அவள் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தை முழுதாக இடப்பக்கம் சுற்றச் சொன்னாள். படகு சொன்ன பேச்சுக் கேட்டது. மறுபக்கமும் கேட்டது. பெட்டியைத் திறந்து நட்டைத் தடவிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கியது, உப்புக்காற்று என்றாள்.

அடுத்த மாதம் படகைப் பார்வையிட வந்த அதிகாரியின் படிவத்தில், சுக்கான் தயாரிப்பாளர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வாங்கி, 'நா. அம்சவல்லி' என்று எழுதினாள்.

"கம்பெனி பேருதாம்மா கேட்டிருக்கு."

"கம்பெனி கைவிட்டுட்டுதுங்க. இப்ப இதுக்குப் பொறுப்பு நான்தான்."

அவர் சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை சுற்றிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் அதே மாடல் வைத்திருந்த பதினோரு படகுகள் அவள் வேலை பார்த்த பட்டறை வாசலுக்கு ஆள் அனுப்பின.