டாக்டர் உட்கார்ந்த மெத்தை

முதலில் வந்தது இருமல் இல்லை. குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது இடது விலாவில் சுருக்கென்று ஒரு குத்து. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. வாயு என்று நினைத்துப் பூண்டை வாட்டித் தின்றேன். கொஞ்ச நாளில், தாராவி மெயின் ரோட்டுக்குப் போய் வரவே அங்கங்கே நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று.

அறுபதுகளின் கடைசி அது. என் கணவருக்குக் கல்நார் ஆலையில் வேலை (கல்நார்: நாராக உரியும் ஒரு கல், சிமெண்டோடு கலந்து கூரைத் தகடு செய்வார்கள்). வேலை முடிந்து வரும்போது தலையும் புருவமும் வெளுத்திருக்கும். சட்டையை வாசலில் உதறித் துவைப்பது நான். கல்நார் வந்த சாக்குகளை ஆலையில் சும்மா கொடுப்பார்கள். எங்கள் சந்தில் பல வீட்டு மெத்தைக்கும் அதுதான் உறை. நானும் ஒன்று தைத்திருந்தேன். நல்ல கெட்டித் துணி, எத்தனை முறை துவைத்தாலும் கிழியாது.

ஆலை டாக்டர் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கிறது, காசநோய்தான் என்றார். சளியில் கிருமி தென்படவில்லை. ஆனாலும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கான ஊசி மருந்து) போட்டார்கள். நீர் குறையவில்லை. இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல்தான் தொடங்கியது, பம்ப் ஸ்டவ் எரிவது போல. இன்றுவரை அது அணையவில்லை.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஒரு மராத்தி டாக்டரம்மா விலா இடுக்கில் ஊசி செருகி நீரை வடித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்பது. சொன்னேன். இந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்று வெளிநாட்டு டாக்டர்கள் எழுதி வருகிறார்கள், துணி துவைக்கிற பெண்களையும் விடுவதில்லையாம், அந்தக் காசநோய் ஊசி வேண்டாம், தூசியை வீட்டுக்குள் விடாதே என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

என் கணவர் இதை ஆலையில் போய்க் கேட்டார். ஆலை டாக்டர் 'அப்படி இல்லை' என்று மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நேரே போய்ச் சண்டை பிடித்திருப்பேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, "இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டிருக்கு. சில பேர் அப்படிச் சொல்றாங்க, சில பேர் இல்லேங்கறாங்க. ப்ரூஃப் வர்ற வரைக்கும் பயப்படக் கூடாது" என்றாராம். அடுப்புப் புகை, ஈரச் சுவர், பீடி, தோல் கிடங்கு நாற்றம், ஊரிலிருந்து கூடவே வந்த நோய் என்று வேறு காரணங்களையும் அடுக்கினாராம். என் கணவர் பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் அத்தனை காரணங்களும் எங்கள் ஒற்றை அறைக்குள் குடியேறிவிட்டன.

"ஏட்டி, அடுப்ப வெளிய வச்சுப் பாப்போம். ஒங்க அம்மைக்கும் இழுப்பு உண்டும்லா?"

"எங்கம்மைக்கு இழுப்பு. எனக்கு நெஞ்சுல தண்ணி. ரெண்டும் ஒண்ணா? அந்தச் சட்டைய மட்டும் ஏன் கணக்குல சேக்க மாட்டேங்கிய?"

"பெரிய டாக்டரே தெரியலேங்காவ. நீ கண்டுட்டியாக்கும்!"

ஆத்திரத்தில் அழுதிருக்கிறேன். வேலையை விட்டால் அடுத்த வேளைக்கு வழியில்லை. அவருக்கு அந்தத் 'தெரியலே' தேவைப்பட்டது, பிடித்துக்கொண்டார். எனக்கோ மூச்சு வேண்டியிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஆலை டாக்டரே ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். ஸ்டவ்வைக் குனிந்து முகர்ந்தார், சுவரைத் தடவினார், ஜன்னல் எங்கே என்று கேட்டார். இருந்தால்தானே காட்ட! என் கணவர் பவ்யமாக மெத்தையை விரித்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். நான் காபியை ஆற்றிக்கொண்டே, "ஆலைச் சாக்குதான் சார். நானே தச்சது" என்றேன்.

மனிதர் துள்ளி எழுந்தார். வாசலுக்கு ஓடி, பேன்ட்டின் பின்பக்கத்தைத் தட்டு தட்டென்று தட்டினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மீதிக் கேள்விகளை வெளியே நின்றபடியே கேட்டு முடித்தார். காபியைத் தொடவில்லை.

என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சந்து முனையைத் தாண்டியதும், "தெரியலேன்னு சொன்னாவல்லா" என்று மட்டும் முனகினார். பிறகு மெத்தையைச் சுருட்டக் குனிந்தார்.

"தண்ணி தெளிச்சிட்டுச் சுருட்டுங்க. தூசி பறக்கும்" என்றேன். தண்ணீர் அள்ளித் தெளித்தார்.

சீக்கிரமே வேலையையும் விட்டார். ஆண்டாப் ஹில்லில் ஒரு மரக்கடைக்குச் சுமை தூக்கப் போனார். வருமானம் குறைந்தது, வீட்டில் சண்டையும் குறைந்தது.

என் நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் பேசுவதைக் கேளுங்கள். அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதையும், எந்த இடத்தில் துள்ளி எழுகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கச் சொல்கிறவர்கள் நம்மோடு உட்கார்ந்து காத்திருப்பதில்லை.

நீர் மறுபடி கோக்கவில்லை. ஆனால் நுரையீரல் உறை தடித்துவிட்டது. மூச்சை இழுத்தால் நெஞ்சின் வலது பக்கம் எழும், இடது அப்படியே கிடக்கும். பாதி உடம்பு எனக்கு, பாதி ஆலைக்கு என்று தோன்றும். இந்தத் தூசி வருஷக்கணக்கில் பேசாமல் கிடந்துவிட்டுப் பிறகும் கிளம்பலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து என்னால் எந்த நாளையும் கடந்துபோன நாளாக நினைக்க முடிவதில்லை. 

என் கணவர் என்னைவிடப் பல மடங்கு அந்தத் தூசியை விழுங்கியவர். தினமும் காலையில், அவர் சட்டை போடும் முன், முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன். மூச்சை இழுக்கச் சொல்வேன். இழுப்பார்.

"என்னட்டி கேக்கு?"

மெலிதாக ஒரு இரைச்சல் கேட்கிறது. அவர் நெஞ்சிலிருந்து வருகிறதா, அந்தக் காசநோய் ஊசி என் காதுக்குள் விட்டுப்போன இரைச்சலா என்று தெரியவில்லை.

"இன்னொருக்கா இழுங்க" என்கிறேன்.