கழன்ற தோளும் எரிந்த மோட்டாரும்

வேர்க்கடலை பிடுங்கப் போகும்போது, திருப்புலிவனம் வளைவில் லோடு ஆட்டோவிலிருந்து விழுந்தேன். வலது தோள் கழன்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கட்டுப்போட்டு, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நடவு நேரம் அது. கட்டை அவிழ்த்துவிட்டுக் கழனிக்குப் போனேன்.

அடுத்து, கொடியில் புடவை போடும்போது கழன்றது. பிறகு பிள்ளையைத் தூக்கும்போது. கடைசியில் தூக்கத்தில் புரண்டாலே கழன்றது. போகப்போக வலி குறைந்தது. என் வீட்டுக்காரரே கையை இழுத்துச் சேர்த்துவிடப் பழகிக்கொண்டார். சேர்ந்ததும் எழுந்துபோய்ச் சோறு வடிப்பேன்.

எங்கள் காலனித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரும் அப்படித்தான் இருந்தது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரியும், புதுசாகச் சுற்றி மாட்டுவார்கள், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி எரியும். எரிந்தால் எல்லோருக்கும் அடிபம்புதான். ஒருநாள் காலை பம்பு அடிக்கும்போது தோள் கழன்றது. வீட்டுக்காரர் எவ்வளவு முயன்றும் சேரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் சேர்த்தார்கள். கண் விழித்ததும் டாக்டரம்மா கேட்டார்: "வலி குறைஞ்சதும் சரியாகுதுன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் உள்ள கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சதாலதான் சுலபமா சேர்ந்திருக்கு."

ஆபரேஷன் செய்து தைத்தால்தான் நிற்கும் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஊரில் இறங்கும்போது ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

தொட்டியடியில் மெக்கானிக் மறுபடியும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏன் எரிகிறதென்று கேட்டேன். வோல்டேஜ் குறைந்தால், சூடேறி எரியாதபடி மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலே ஒன்று இருந்ததாம். அடிக்கடி நின்றுபோகிறதே என்று யாரோ அதை எடுத்துவிட்டு நேராக கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார்களாம்.

அந்த வாரம் கிராம சபை. புதுக் காயில் போடுவதாகத் தலைவர் சொன்னார். கையில் போட்ட கட்டோடு எழுந்து நின்றேன்.

"காயில் வேணாங்க. அது இன்னாத்துக்கு எரியுதுன்னு பாருங்க. அதுவரைக்கும் நாங்க இங்கயே ஒக்காந்துகினு இருப்போம்."

என்னோடு நடவுக்கு வரும் பெண்கள் யாரும் இடத்தைவிட்டு எழுந்து போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மின்வாரியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அதோடு விடாமல் நாங்களும் பலமுறை அலைந்தோம். பொங்கலுக்கு முன் வோல்டேஜைக் குறைத்த பழைய லைன் ஒயரை மாற்றி, ரிலேவையும் மாட்டினார்கள்.

அதற்குள் எனக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. தினமும் விரல்களால் சுவரில் மேலே மேலே ஏறிக் கையைத் தூக்கவேண்டும். கண்ணில் தண்ணீர் கொட்டும். "போதும், வுடு" என்பார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. கை முழுசாக மேலே போவதில்லை. ஆனால் தோள் மறுபடி கழலவில்லை.

போன கோடையில் ஒரு மதியம் மோட்டார் நின்றது. ரிலேவைக் கழற்றிவிடலாம் என்று நாலைந்து பேர் கோபமாக வந்தார்கள். நான் மோட்டார் ரூம் கதவை மறித்து நின்றேன். "வோல்டேஜ் வர்ட்டும். அதுவரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது." வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் நகரவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. அன்று திட்டியவர்களில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.